பல்லிக்குத் திரும்பிய பஸ்

நான் சேர்ப்பது பழைய பொம்மைகள். தகரத்தில் செய்தவை, சாவி கொடுத்தால் ஓடுபவை, பேட்டரி போட்டால் விழித்துக்கொள்பவை. குமாரபாளையத்தில் எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கீழ்த்தட்டுகள் அவற்றுக்கு, மேல்தட்டுகள் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு. ஒருவர் எல்லையை ஒருவர் தாண்டக்கூடாது என்பது கல்யாணமான வருஷமே பேசி முடிவானது. ஒவ்வொரு பொம்மையையும் வேட்டித்துணியில் சுற்றி, சட்டை வாங்கிய அட்டைப்பெட்டியில் வைப்பேன். சாவி இருந்தால் அதை அதன் சக்கரத்திலேயே நூலால் கட்டிவிடுவேன். பேட்டரிக் கட்டையை மட்டும் உள்ளே விட்டுவைப்பதில்லை. கட்டை ஒழுகினால் தகரம் போயிற்று.

சேலத்துப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்தவைதான் பெரும்பாலும். ஏற்காட்டில் யாராவது பங்களாவைக் காலி செய்தால் தட்டுமுட்டுச் சாமான்கள் மூட்டையாக மலையிலிருந்து இறங்கி அந்தக் கடைகளுக்கு வரும். "ஊட்டுல கொழந்தைங்க எத்தனைங்க?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார். "இல்லீங்க, இது எனக்குத்தான்" என்றேன். அதன் பிறகு என்னிடம் சற்று இரக்கமாகவே பேசினார். விலையில் மட்டும் அந்த இரக்கம் தெரியாது.

வெறுமனே ஓடுகிற பொம்மையைவிட, எதையாவது உணர்ந்து நடந்துகொள்கிற பொம்மைதான் எனக்குப் பிடிக்கும். என்னிடம் ஒரு தகர வண்டு இருக்கிறது. மேசை மேல் விட்டால் விளிம்புவரை போகும். விழப்போகிறதே என்று நாம் கையை நீட்டும்போது தானாகத் திரும்பிக்கொள்ளும். மூக்கடியில் ஒரு கம்பி தரையைத் தடவிக்கொண்டே போகிறது. தரை தீர்ந்ததும் கம்பி தொங்குகிறது, வயிற்றில் குறுக்காக இருக்கும் சக்கரம் மேசையில் பட்டு வண்டைத் திருப்பிவிடுகிறது. கண் இல்லை, ஆனால் பள்ளம் தெரிகிறது.

நான் மேற்பார்வை பார்த்த விசைத்தறிக் கூடத்திலும் இதே சங்கதிதான். ஊடை நூல் அறுந்தால் தறியை நிறுத்துவதற்கு ஒரு சிறிய முள் உண்டு. ஊடையைக் குறுக்கே இழுத்துக்கொண்டு நாடா ஓடும்போதெல்லாம் நூல் வந்ததா என்று அது தொட்டுப் பார்க்கும், வராவிட்டால் தறி நிற்கும். அந்த வேகத்துக்கு நாடாவைப் பின்தொடர யாருக்கும் கண் கிடையாது. முள் பார்த்துக்கொள்வதால் ஆள் பக்கத்துத் தறியைக் கவனிக்கலாம், அல்லது டீ குடிக்கலாம். சென்சார் என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. பொருள் முன்னமே வந்து வேலை செய்துகொண்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த பஸ் எனக்குக் கிடைத்தது. சிவப்பும் மஞ்சளுமாகத் தகர பஸ், சன்னல்களில் தொப்பி போட்ட துரைமார்கள். வயிற்றில் பேட்டரி, கூரையில் சல்லடைபோல் துளைகள். அந்தத் துளைகளுக்குள் காது இருந்தது. 'டிக்' என்று கூர்மையாக ஒரு சத்தம் கேட்டால் புறப்படும். இன்னொரு 'டிக்' கேட்டால் திரும்பும், மூன்றாவதற்கு நிற்கும். சத்தம் போடுவதற்கென்று அதோடு வந்த கருவி எந்தப் பங்களாவில் தொலைந்ததோ தெரியாது. நான் நாக்கைத் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸைக் கூடத்தில் நிறுத்திவிட்டுக் கைகழுவப் போயிருந்தேன்.

"ஏனுங்க! உங்க சாமான் சமையக்கட்டுக்குள்ள வருது!" என்று மனைவி கத்தினாள். "எல்லை தாண்டுது, சொல்லிப்போட்டேன்!"

யாரும் நாக்கைத் தட்டவில்லை. பஸ்ஸைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி 'ட்சக்' என்றது. பஸ் புறப்பட்டது. மறுபடி 'ட்சக்'. துரைமார்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் இடது பக்கம் திரும்பினார்கள்.

இது வீட்டுக்குள் சிரித்து முடிந்திருக்க வேண்டிய விஷயம். கொழுந்தியாளின் கல்யாணப் பேச்சுக்குள் இது போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மாமனாரின் காது.

மாமனாருக்கு ஜேடர்பாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் வாழையும் வெற்றிலையும். இளவயதை ஆயில் இன்ஜின் அறையில் கழித்தவர். காது மெல்ல மெல்ல மந்தமாகிக்கொண்டு வந்தது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது என்று எல்லாரும் சேர்ந்து வைத்துக்கொண்டோம். எங்கள் பக்கத்துப் பேச்சும் அதற்கு நல்ல வசதி. எதிராளி என்ன சொன்னாலும் சிரித்த முகத்தோடு "ஆமாங்க" என்றால் மரியாதையும் ஆயிற்று, பதிலும் ஆயிற்று. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஊர்த் திருவிழாவையும் ஒரு வரப்புத் தகராறுப் பஞ்சாயத்தையும் நடத்தி முடித்திருந்தார்.

கொழுந்தியாளுக்குத் திருச்செங்கோட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். பையனும் வண்டியோடு வடக்கே போய் வருகிறவன். அவளுக்கு முன்பே சில பேர் பெண் பார்க்க வந்து போயிருந்தார்கள். எதற்கும் அவள் வாய் திறந்ததில்லை. இந்த முறை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மச்சான், அவங்க அல்லாரும் என்னையப் பாத்துட்டுப் போனாங்க. இவரு ஒருத்தருதான் என்னையக் கேட்டுட்டுப் போனாரு."

"என்ன கேட்டாப்ல?"

"நீ என்ன நெனைக்கிறேன்னு கேட்டாரு. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாம இருந்தாரு. நம்ம ஊட்டுல அப்படி யாராச்சும் இருக்கீங்களா?"

நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் குறுக்கே புகுந்து, "எப்படியாச்சும் இது நடக்கோணும் மச்சான்" என்றாள்.

மாமனாருக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஆனால் மாமனார் குடும்பத்தில் எந்த நல்ல காரியமும் குலதெய்வக் கோயில் பல்லி சொல்லாமல் நடந்ததில்லை. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் சாமி முன்னால் உட்கார்ந்து, கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து பல்லி சொன்னால் சம்மதம், இடப்பக்கம் என்றால் வேண்டாம். கேள்வி கேட்டவர் காதிலேயே அது விழ வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். பல்லி கோயிலே அதிரும்படி சொன்னது. எல்லாரும் மாமனாரைப் பார்த்தோம். அவர் கண்ணைக் கூடச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் கழித்து, "இன்னைக்குச் சாமிக்கு வாய் தொறக்க மனசில்லை" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

வாய்க்கால் கரையில் திரும்பி வரும்போது மனைவி அவர் காதருகே போய், "அப்பா, பல்லி சொல்லுச்சுங்க" என்றாள்.

"யாருக்குச் சொல்லுச்சு?"

"அல்லாருக்குந்தானுங்க."

"எந்தப் பக்கம்?"

மனைவி வலப்பக்கம் என்றாள். அதே மூச்சில் மாமியார், "தலைக்கு மேலதானேடி கேட்டுச்சு" என்றார்.

மாமனார் சிரித்தார். "பாத்தீங்களா மாப்ள? அவங்கவங்க காது அவங்கவங்க ஆசையைத்தான் கேக்கும். முந்தி எங்க சகலை வலப்பக்கம் சொல்லுச்சுன்னாருன்னு நம்பிக் கெணறு வெட்டுனேன். இன்னைக்கும் அதுல வெளவாலுதான் குடியிருக்குது."

அடுத்த வெள்ளியும் இப்படியே போயிற்று. திருச்செங்கோட்டிலிருந்து ஆள் வந்தது. ஆடி பிறப்பதற்குள் ஒரு சொல் வேண்டும், இல்லையென்றால் ஆவணிக்கு வேறு பெண் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். கொழுந்தியாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். மாமனாரிடம் காது மெஷின் பற்றிப் பேச யாருக்கும் தைரியம் இல்லை. மாமியார் ஒருமுறை வாயெடுத்தார். "ஆமாங்க" என்று பதில் வந்தது.

இந்த நிலைமையில்தான் மாமனார் ஒரு வாழைத்தாரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் பஸ் நின்றிருந்தது.

"மாப்பிள்ளைக்கு இன்னும் பால்பல்லு விழுகலையாட்ட இருக்குது" என்றார் மனைவியிடம்.

அந்த நேரம் பார்த்து டியூப்லைட்டுப் பல்லி சொன்னது. பஸ் புறப்பட்டுப் போய் வாழைத்தாரில் முட்டியது.

"யாரு முடுக்குனது?"

"பல்லிங்க மாமா. பல்லி சத்தம் கேட்டா ஓடும்."

"இப்பப் பல்லி கத்துச்சா?"

மனைவி வாழைத்தாரை எடுத்து ஓரமாக வைத்தாள். அவர் பஸ்ஸைக் கையில் எடுத்துக் கூரைத் துளைகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சுவருக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். காது எப்படியோ, கண் அவருக்குக் கழுகுக் கண். பல்லியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை துடித்தது, பஸ் ஓடியது. மறுபடி துடித்தது, பஸ் திரும்பியது. காபி ஆறிப்போனது.

"ஏனுங்க மாப்ள, இதுக்கு நம்ம ஒறம்பரை சொந்தத்துல யாராச்சும் பழக்கமா?"

"இல்லீங்க மாமா. சீமைப் பொம்மைங்க."

"திருச்செங்கோட்டுப் பக்கம்?"

"அங்கயும் யாரும் இல்லீங்க."

"அப்பப் பொய் சொல்லாது" என்றார். "ஆனா கேட்டாப் பத்தாது. எந்தப் பக்கம்னு சொல்லோணும்."

அதுதான் சிக்கல். பஸ்ஸுக்கு இருந்தது ஒரே காது. சத்தம் வந்தது தெரியும், எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அந்த வாரம் முழுவதும் நான் அந்த வேலையில்தான் இருந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைக் கூரைத் துளைகளின் மேல் படுக்கவைத்துக் கட்டி, அதன் வாயை வலப்பக்கம் திருப்பினேன். மற்றப் பக்கங்களை தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கழிவுப் பஞ்சால் அடைத்தேன். மனைவியைக் கூடத்தின் ஒவ்வொரு மூலையிலும் நிற்கவைத்து நாக்கைத் தட்டச் சொன்னேன். வலப்பக்கம் நின்றால் பஸ் புறப்பட்டது. மற்ற மூலைகளில் நின்றால் அசையவில்லை. நாக்கு வலிக்கிறது என்று அவள் சொல்லும்வரை சோதித்தேன்.

"எதுக்குங்க இத்தனை பாடு?" என்றாள். "வெள்ளிக்கெழமை நீங்க வலப்பக்கமா ஒக்காந்து ஒரு தட்டுத் தட்டிப்போடுங்க. கல்யாணம் முடிஞ்சுது."

எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் மாமனார் அதை எங்களுக்கு முன்பே யோசித்திருந்தார். கோயிலில் எங்கள் எல்லாரையும் தமக்கு இடப்பக்கமாக உட்காரவைத்து, துண்டால் வாயை மூடிக்கொள்ளச் சொன்னார். பஸ்ஸைக் கவிழ்த்துவைத்த அரிசிப் படியின் மேல் ஏற்றி, சக்கரம் தரையில் படாமல் வைத்தேன். சத்தம் கேட்டால் சக்கரம் அந்தரத்தில் சுழலும். சாமிக்கு முன்னால் தொப்பி போட்ட துரைமார்கள் பஸ்ஸில் வீற்றிருப்பதைப் பூசாரி ஒருமாதிரி பார்த்தார். பிறகு அதற்கும் சேர்த்தே திருநீறு போட்டுவிட்டார்.

அன்றைக்குச் சக்கரம் பலமுறை சுழன்றது, ஒவ்வொரு முறையும் நான் அதை நிறுத்திவைத்தேன். பூசாரி வலப்பக்கம் உட்கார்ந்து பாக்குவெட்டியால் 'நறுக்' என்றபோது சுழன்றது. வெளியே அதே பக்கம் யாரோ தேங்காய் உடைத்தபோது சுழன்றது. ஆட்டை விரட்டப் பூசாரி நாக்கைத் தட்டியபோதும் சுழன்றது. ஒவ்வொரு முறையும் மாமனார் சட்டென்று உத்தரத்தைப் பார்த்தார், பல்லியின் தொண்டையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "இது பாக்குங்க." "இது தேங்கா." பஸ் கேட்டது, என்ன கேட்டோம் என்று அதற்குத் தெரியவில்லை. அவருக்குக் கேட்கவில்லை, கேட்டது எது என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுக் காதாக இருந்தார்கள். பல்லி மட்டும் மத்தியானம்வரை வாய் திறக்கவில்லை.

அடுத்தது ஆடிக்கு முந்தின கடைசி வெள்ளி. பூசாரியிடமிருந்து பாக்குவெட்டியை வாங்கி வைத்தாயிற்று. கொழுந்தியாள் கண்ணாடி வளையல்களைத் தானே கழற்றி மடியில் முடிந்துகொண்டாள். பஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி போட்டிருந்தேன்.

வெயில் ஏறியது. வலப்பக்க உத்தரத்தில் ஒரு பல்லி இருந்தது. மாமனார் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது ஒரு பூச்சியைப் பிடித்தது, விழுங்கியது, கண்ணை மூடிக்கொண்டது.

அப்போது சொன்னது இன்னொரு பல்லி. இடப்பக்கம், விளக்கு மாடத்துக்குள்ளிருந்து, தெளிவாக, அடுத்தடுத்து. பஸ் அசையவில்லை. நான் எப்படிச் செய்தேனோ அப்படியே அது நடந்துகொண்டது. என் வாழ்நாளில் ஒரு பொம்மை சரியாக வேலை செய்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்று ஒருமுறைதான்.

மாமனாருக்குச் சத்தம் கேட்கவில்லை, எங்கள் முகங்கள் தெரிந்தன. துண்டுக்கு மேலே எல்லாருடைய கண்களும் மாறிப்போயிருந்தன.

"என்ன?" என்றார்.

மனைவி துண்டை எடுத்தாள். "பல்லி சொல்லிப்போடுச்சுங்கப்பா! வலப்பக்கம்!"

மாமனார் பஸ்ஸைப் பார்த்தார். சக்கரம் நின்றபடி நின்றது. "இது அப்படிச் சொல்லலியே" என்றார். மனைவி என்னை முறைத்தாள்.

அவர் இளையவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அம்மிணி."

கொழுந்தியாள் வாயிலிருந்து துண்டை எடுத்தாள். "எடப்பக்கமுங்கப்பா. வெளக்கு மாடத்துக்குள்ள."

"நல்லாக் கேட்டுதா?"

"நல்லாக் கேட்டுதுங்க."

"இந்தப் பையன் உனக்கு வேண்டாமா?"

"வேணுமுங்க" என்றாள்.

மாமனார் எழுந்தார். நேராகப் போய்ச் சாமிக்குப் பக்கத்தில், சாமி பார்க்கிற திசையைப் பார்த்து, எங்களுக்கு எதிர்முகமாக நின்றார். பூசாரி பதறி எழுந்தார். மாமனார் விளக்கு மாடத்தின் பக்கம் கையை நீட்டினார்.

"பூசாரி, இங்க நின்னா இது எந்தக் கை?"

"வலது கைங்கய்யா."

"அப்பச் சாமிக்கு இது வலப்பக்கமல்லோ?"

"சாமிக்கு... ஆமாங்க" என்றார் பூசாரி. அந்தச் சொல்லை இத்தனை பயத்தோடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. "மாமா, இத்தனை நாளும் நமக்கு வலதுதானுங்களே கணக்கு? புனலைக் கூட அந்தப் பக்கந்தானுங்களே கட்டினேன்?"

மனைவியின் கிள்ளு விழுந்தது. மாமனார் கோபிக்கவில்லை.

"மாப்ள, கேள்வி நம்முளுது. பதிலு சாமியுது. பதில் சொல்றவங்களுக்கு எது வலதோ அதுதான் வலது. இத்தனை நாளாத் தப்புப் பக்கம் காதை வெச்சிட்டு ஒக்காந்திருக்கறோம்." முகம் மலர்ந்தது. "அதனாலதான் அந்தக் கெணத்துல தண்ணி வரலை!"

கொழுந்தியாள் அழுகையும் சிரிப்புமாக வளையல்களைத் தேடி மடியை அவிழ்த்தாள். அவை சிதறி உருள, வலப்பக்கம் போன ஒன்று தூணில் இடித்தது. பஸ்ஸின் சக்கரம் சுழலத் தொடங்கி, நிறுத்துவார் இல்லாமல் சுழன்றுகொண்டே இருந்தது.

"ஸ்கூட்டரை எடுங்க மாப்ள" என்றார் மாமனார். "சொல்ல வேண்டியதை நானே போய்ச் சொல்லிப்போட்டு வாரேன்."

திருச்செங்கோட்டுக்குப் போகும் வழியெல்லாம் பின்னால் அமர்ந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தார். காற்றில் எனக்கு ஒன்றும் விழவில்லை. "ஆமாங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

சம்பந்தி வீட்டு வாசலில் ரிக் வண்டி நின்றது. பையனின் அப்பா கிரீஸ் துடைத்த கையோடு வெளியே வந்து வரவேற்று, கும்பிட்டு, ஏதோ கேட்டார். மாமனார் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. "ஆமா" என்று வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார். "எனக்குக் காது கேக்கறதில்லீங்க."

அவர் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பையனின் அப்பா கையைக் காதில் குவித்து முன்னால் சாய்ந்தார். "என்னங்க சொன்னீங்க? கம்ப்ரசர் பக்கத்துல நின்னு நின்னு எனக்குச் செவிடாப் போச்சுங்க!"

மாமனார் மூச்சை இழுத்தார். "பொண்ணு குடுக்கறமுங்க!"

"எதைக் குடுக்கறீங்க?"

"பொண்ணுங்க! பொண்ணு!"

"ஆவணியில வெச்சுக்கலாமுங்களா?"

"எப்பங்க?"

"ஆவணி!"

எதிர்வீட்டு அம்மாள் கையில் முறத்தோடு தெருவுக்கு வந்துவிட்டார். அதற்கடுத்த வீட்டில் சன்னல் திறந்தது. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "ஆவணியில நல்ல முகூர்த்தம் இருக்குதுங்க!" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்திவிட்டுப் போனார். பையனின் அம்மா தண்ணீர்ச் செம்போடு உள்ளேயிருந்து வந்து, "யாருங்க வந்திருக்கறது?" என்று கேட்டபோது, முறத்தோடு நின்ற அம்மாள்தான் அவருக்குச் சம்மதத்தைச் சொன்னார்.